முதலில் காது, பிறகு நாக்கு

(பெங்களூரில் புதிதாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட தாய்மார்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு பாட்டி என்னிடம் வந்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"டீச்சர், நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். கன்னடம் பேசுறேன். கடை கண்ணிக்குப் போறேன், வர்றேன். ஆனா என் பேரனுக்கு நாலு வயசு. நான் பேசுற கன்னடத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிலேட்டுல கோடு போடச் சொன்னா, 'ஏரி போடச் சொல்றியா பாட்டி'ன்னு கேக்குறான். என் காதுல என்ன கோளாறு?"

எல்லோரும் சிரித்தோம். பாட்டியும் சிரித்தார். ஆனால் அவர் கேட்டது நல்ல கேள்வி. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கன்னடத்தில் ஏரிக்கு 'கெரெ' என்று பெயர். கோட்டுக்கும் ஏறக்குறைய அதே பெயர்தான். ஆனால் முதல் ஒலி வேறு. 'தங்கம்', 'சங்கு' என்று சொல்லும்போது நடுவில் ஒரு 'க' வருகிறதல்லவா? அந்த அழுத்தமான 'க'வைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்தால் அது கோடு. 'கடல்' என்பதில் வரும் 'க'வை வைத்தால் அது ஏரி. கன்னடத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே எழுத்துதான்.

தமிழில் ஏன் ஒரே எழுத்து? தமிழ்ச் சொற்களில் எந்த இடத்தில் எந்த ஒலி வரும் என்பது ஏற்கெனவே முடிவாகி இருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி. மெல்லின எழுத்துக்குப் பின்னால் வேறு மாதிரி. ஒலியை மாற்றிச் சொன்னாலும் பொருள் பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் நம் காது அந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆக, பாட்டியின் காதில் கோளாறு இல்லை. அது தமிழுக்குப் பழகிய காது. அவ்வளவுதான். பேரனின் காது பிறந்ததில் இருந்தே இரண்டு மொழிக்கும் பழகிய காது.

ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போமா? எல்லோரும் தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள். அதிர்வு இருக்கிறதா? இல்லை. இப்போது 'ம்ம்ம்' என்று சொல்லுங்கள். அதிர்கிறது அல்லவா? ஏரிக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். கோடு என்று சொல்லும்போது தொண்டை முந்திக்கொண்டு அதிர்கிறது. ஏரி என்று சொல்லும்போது சற்றுப் பிந்தி அதிர்கிறது. ஒரு நொடியை நூறு பங்காக்கினால் அதில் சில பங்குதான் இந்த நேர வேறுபாடு. இத்தனை சிறிய வேறுபாட்டைக் குழந்தை எப்போது கண்டுபிடிக்கிறது?

வயிற்றில் இருக்கும்போதே

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் காது வேலை செய்யத் தொடங்குகிறது. அம்மாவின் இதயத் துடிப்பு கேட்கிறது. அம்மாவின் குரல் கேட்கிறது. சொற்கள் தெளிவாகக் கேட்காது. பக்கத்து வீட்டில் பேசுவது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்பது போலக் கேட்கும். ஆனால் ஏற்ற இறக்கம் தெரியும். பேச்சின் தாளம் தெரியும்.

1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பிறந்து மூன்று நாள் கூட ஆகாத குழந்தைகளின் வாயில் சூப்பானைக் கொடுத்தார்கள். குழந்தை ஒரு விதமாகச் சூப்பினால் அதன் அம்மாவின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சூப்பினால் வேறு ஒரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் தங்கள் அம்மாவின் குரல் கேட்கும் விதமாகவே அதிகம் சூப்பின. பிறந்து மூன்று நாளில் அம்மாவின் குரலைத் தேடுகிறது என்றால், அதை வயிற்றிலேயே கேட்டுப் பழகி இருக்கிறது என்றுதானே பொருள்?

ஒரு மாதக் குழந்தையிடம் கேள்வி கேட்பது எப்படி?

ஒரு மாதக் குழந்தையிடம் போய், 'இந்த ஒலியும் அந்த ஒலியும் ஒன்றா?' என்று கேட்க முடியுமா? முடியாது. அதற்கும் சூப்பான்தான் உதவியது.

பீட்டர் ஐமாஸ் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 1971ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாதக் குழந்தைகளையும் நான்கு மாதக் குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார்கள். புதிதாகக் கேட்கும்போது குழந்தை வேகமாகச் சூப்பும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனால் வேகம் குறையும். வேகம் குறைந்ததும் ஒலியை மாற்றினார்கள். 'பாய்' என்பதில் வரும் 'ப' போன்ற ஒலி முதலில். 'கம்பம்' என்பதில் 'ம்'முக்குப் பின்னால் வருகிறதே, அந்தப் 'ப' போன்ற ஒலி அடுத்து. சில குழந்தைகளுக்கு அதுவே முதலில், இது அடுத்து. ஒலி மாறியதும் குழந்தைகள் மறுபடி வேகமாகச் சூப்பத் தொடங்கின. 'இது வேறு, புதிது' என்று கண்டுகொண்டன.

இதுவும் தொண்டை முந்தி அதிர்வதா, பிந்தி அதிர்வதா என்ற வேறுபாடுதான். பாட்டியை ஏமாற்றிய அதே வகை வேறுபாடு. ஒரு மாதக் குழந்தைக்கு அது தெரிகிறது!

பத்தும் பட்டும்

'பத்து' என்று சொல்லுங்கள். நாக்கு எங்கே தொடுகிறது? மேல்பல்லைத் தொடுகிறது. 'பட்டு' என்று சொல்லுங்கள். நாக்கு மேலே மடிந்து அண்ணத்தைத் தொடுகிறது. நமக்கு இரண்டும் வேறு வேறு. சந்தேகமே இல்லை. பத்து ரூபாய் வேறு, பட்டுப் புடவை வேறு.

ஆனால் ஆங்கிலம் மட்டுமே பேசும் பெரியவர்களுக்கு இந்த இரண்டு ஒலியும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கிறது. அவர்கள் மொழியில் இந்த வேறுபாடு இல்லை. நாம் சொல்லிக் காட்டினாலும் அவர்கள் திணறுவார்கள். பாட்டியைப் போலத்தான் அவர்களும்.

கனடா நாட்டில் ஜேனட் வெர்கர் என்ற பெண் அறிஞர் இருக்கிறார். அவரும் ரிச்சர்ட் டீஸ் என்பவரும் 1980களில் இதைச் சோதித்தார்கள். இந்தி மொழியில் வரும் 'த', 'ட' ஒலிகளை ஆங்கிலக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால், ஒரு பெட்டியில் விளக்கு எரியும். உள்ளே ஒரு பொம்மை ஆடும். குழந்தைக்கு அது பரிசு.

ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகத் தலையைத் திருப்பினார்கள். அவர்கள் இந்தியைக் கேட்டதே இல்லை. ஆனாலும் வேறுபாடு தெரிந்தது. எட்டு முதல் பத்து மாதக் குழந்தைகளில் இது குறைந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலரால்தான் முடிந்தது. இந்தி பேசும் வீட்டில் வளர்ந்த குழந்தைகளோ, ஒரு வயதை நெருங்கும்போதும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். 1984ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆராய்ச்சி உலகம் முழுவதும் பெயர் பெற்றது.

இதில் இருந்து என்ன தெரிகிறது? பிறக்கும்போது குழந்தை எந்த மொழிக்கும் தயாராக இருக்கிறது. தமிழ் வீட்டில் வளர்ந்தால் தமிழ். சீன வீட்டில் வளர்ந்தால் சீனம். முதல் ஆண்டு முடிவதற்குள், தன்னைச் சுற்றி எந்த ஒலிகள் பேசப்படுகின்றனவோ, அவற்றுக்குக் காதைத் தீட்டிக்கொள்கிறது. தேவைப்படாத வேறுபாடுகளைக் கவனிப்பதை மெல்ல விட்டுவிடுகிறது.

இது இழப்பு இல்லை. சந்தைக்குள் நுழைந்தால் ஆயிரம் சத்தம் கேட்கும். எல்லாவற்றையும் கவனித்தால் காய்கறி வாங்க முடியுமா? நமக்கு வேண்டிய குரலைத்தான் கவனிக்கிறோம். குழந்தையும் அப்படித்தான் செய்கிறது.

குழந்தை பேசத் தொடங்கும் முன்பே, முதல் பிறந்த நாளுக்கு முன்பே, இத்தனை வேலை நடந்து முடிகிறது. முதலில் காதுதான் கற்கிறது. நாக்கு பிறகுதான் கற்கிறது.

உங்கள் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். இரண்டு வயதுப் பிள்ளை 'ரயில்' என்பதை 'லயில்' என்று சொல்லும். நீங்களும் 'லயில்' என்று சொல்லிப் பாருங்கள். 'இல்லே! லயில்!' என்று கோபித்துக்கொள்ளும். தன் வாயால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் நீங்கள் தவறாகச் சொன்னால் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

கொஞ்சுவதும் பாடம்தான்

நாம் பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நிறுத்துவதில்லை. 'கண்ணுபால்குடிக்கிறியா' என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். இதில் எது ஒரு சொல், எது அடுத்த சொல் என்று குழந்தைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை.

'கண்ணு வா', 'கண்ணு பாரு', 'கண்ணு தூங்கு' என்று பல தடவை கேட்கும்போது, 'கண்' என்பதும் 'ணு' என்பதும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. அதற்குப் பின்னால் வருவது மாறிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் 'கண்ணு' ஒரு தனிச் சொல். எட்டு மாதக் குழந்தைகள் இப்படிக் கணக்குப் போடுகின்றன என்று 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். பொருளே இல்லாத புதுச் சொற்களைக் கோத்து இரண்டே நிமிடம் கேட்க வைத்தார்கள். அதற்குள் எந்த ஒலிகள் சேர்ந்து வருகின்றன என்று குழந்தைகள் பிடித்துவிட்டன.

நாம் குழந்தையிடம் பேசும்போது குரலை உயர்த்தி, இழுத்து, ராகம் போட்டுப் பேசுகிறோம். 'யாரூ... யாரூ வந்திருக்கா? அத்தை வந்திருக்காளா?' என்று கேட்கிறோம். சொன்னதையே திரும்பச் சொல்கிறோம். இது வீண் பேச்சு என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒலிகள் தெளிவாகக் கேட்பதற்கும், சொற்கள் பிரிந்து தெரிவதற்கும் இதுவே உதவுகிறது. தாலாட்டும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் நீங்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே நடத்தி இருக்கிறீர்கள்.

செல்போன் பேசுமே, போதாதா?

இன்று பல வீடுகளில் குழந்தை அழுதால் செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அதில் பாட்டு வருகிறது. பேச்சும் வருகிறது. 'அதைக் கேட்டு மொழி கற்றுக்கொள்ளாதா?' என்று கேட்கலாம்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் பட்ரீஷா கூல் என்ற அறிஞர் இதைச் சோதித்தார். 2003ஆம் ஆண்டு அதன் முடிவு வெளிவந்தது. ஆங்கிலக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவில் சீனம் பேசுபவர்கள் நேரில் வந்து தரையில் உட்கார்ந்து, கதை சொல்லி, பொம்மை காட்டி விளையாடினார்கள். ஒவ்வொரு முறையும் 25 நிமிடம். மொத்தம் 12 முறை. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள் பேசுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்குக் குரலை மட்டும் கேட்க வைத்தார்கள்.

நேரில் ஆளோடு விளையாடிய குழந்தைகள், சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைத் தைவான் நாட்டுக் குழந்தைகளைப் போலவே கண்டுபிடித்தன. தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. குரலை மட்டும் கேட்ட குழந்தைகளும் கற்கவில்லை.

ஏன்? ஆள் குழந்தையின் கண்ணைப் பார்க்கிறார். குழந்தை பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்கிறார். குழந்தை 'ங்கா' என்றால் அவரும் 'ங்கா' என்கிறார். பெட்டி அப்படிச் செய்யாது. அது தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்கவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு சொல்லி இருக்கிறது.

எந்த மொழியில் பேசுவது?

பெங்களூரில் இது பெரிய கேள்வி. வீட்டில் தமிழ். வாசலில் கன்னடம். பக்கத்து வீட்டில் தெலுங்கு. எதிர் வீட்டில் உருது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். 'இத்தனை மொழி கேட்டால் பிள்ளை குழம்பிப்போகுமே' என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். சிலர் தமிழை நிறுத்திவிட்டு, தெரிந்த நான்கு ஆங்கிலச் சொற்களை வைத்துப் பேசுகிறார்கள்.

பயப்பட வேண்டாம். 2010ஆம் ஆண்டு கனடாவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கருவுற்றிருந்த காலத்தில் இரண்டு மொழிகளைப் பேசிய தாய்மார்களின் குழந்தைகளை, பிறந்த சில நாட்களிலேயே கவனித்தார்கள். ஒன்று ஆங்கிலம். மற்றது பிலிப்பைன்ஸ் நாட்டு மொழி. அந்தக் குழந்தைகள் இரண்டு மொழியையும் விரும்பிக் கேட்டன. இரண்டும் வேறு வேறு என்றும் கண்டுகொண்டன. இரண்டு மொழி கேட்பதால் காது கெடுவதில்லை.

உங்களுக்கு எந்த மொழி வாய் நிறைய வருகிறதோ, அந்த மொழியில் பேசுங்கள். கதை சொல்ல வேண்டும். கொஞ்ச வேண்டும். திட்டவும் வேண்டும். இதெல்லாம் சொந்த மொழியில்தானே தாராளமாக வரும்? கன்னடத்தை வாசல் சொல்லிக் கொடுக்கும். குழந்தையை வாசலுக்கு அனுப்பி, கன்னடம் பேசும் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள்.

காது கேட்காத குழந்தை

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

முதல் ஆண்டில் காதுதான் கற்கிறது என்று பார்த்தோம். அப்படியானால், காது கேட்காத குழந்தைக்கு என்ன ஆகும்? யாரும் கவனிக்காவிட்டால் அந்த அருமையான ஆண்டு வீணாகிப்போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பாவும் அம்மாவும் கட்டட வேலை செய்பவர்கள். ஆண் குழந்தை. சிரித்த முகம். கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான். சில நேரம் திரும்ப மாட்டான். இரண்டு வயதிலும் பேச்சு வரவில்லை. 'அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான், ஆம்பளப் பிள்ளை அப்படித்தான்' என்றார் பாட்டி. காட்டிய ஓர் இடத்திலும் 'பார்க்கலாம், இருங்கள்' என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று வயதுக்கு மேல்தான் சோதனை செய்தார்கள். இரண்டு காதும் மிகக் குறைவாகவே கேட்கிறது என்று தெரிந்தது. இப்போது காதுக் கருவி மாட்டி, பயிற்சிக்குப் போய் வருகிறான். பேச்சு மெல்ல மெல்ல வருகிறது. அந்தத் தாய் என்னிடம் சொன்னார்: "அவன் என்னைப் பார்த்துத்தான் திரும்பி இருக்கான், டீச்சர். என் குரலைக் கேட்டு இல்லை. மூணு வருஷம் நான் பாடின தாலாட்டு ஒண்ணும் அவனுக்குக் கேக்கல."

இந்த வருத்தம் உங்களில் யாருக்கும் வரக்கூடாது. ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

பிறவியில் காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்களில் 'ங்கா', 'ஊ' என்று ஒலி எழுப்பும். அதை வைத்து 'காது கேட்கிறது' என்று முடிவு செய்யக்கூடாது. தட்டைத் தட்டிப் பார்ப்பதும் போதாது. தரை அதிர்வதாலும், கை அசைவதைப் பார்த்தும் குழந்தை திரும்பலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இவை:

பிறந்த குழந்தை பெரிய சத்தம் கேட்டால் திடுக்கிட வேண்டும்.
மூன்று மாதத்தில் அம்மாவின் குரல் கேட்டு அழுகையைக் குறைக்க வேண்டும்.
ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும்.
பத்து மாதத்தில் 'பாபாபா', 'மாமாமா' என்று அடுக்கிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும்.
ஒன்றரை வயதில் சில சொற்களாவது சொல்ல வேண்டும்.
இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொல் சேர்க்க வேண்டும்.

இவற்றில் ஏதாவது இல்லை என்றால் காத்திருக்காதீர்கள். உடனே காட்டுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை, மூளைக் காய்ச்சல் வந்த குழந்தை, கருவுற்றபோது தாய்க்கு ருபெல்லா அம்மை வந்திருந்தால் அந்தக் குழந்தை, இவர்களுக்குக் கட்டாயம் சோதனை வேண்டும். நம் பக்கத்தில் மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே திருமணம் செய்வது உண்டு. அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறவிச் செவிக்குறைவு வரும் வாய்ப்பு அதிகம். அவர்களும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை வலிக்காது. குழந்தை தூங்கும்போதே செய்யலாம். காதில் ஒரு சிறிய குமிழை வைத்து, ஒலியை அனுப்பி, காது அதற்கு என்ன பதில் தருகிறது என்று கருவி பார்க்கிறது. சில நிமிடம்தான். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை இன்னது என்று உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல். ஒன்று, மூன்று, ஆறு. இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

எங்கே போவது? பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பேச்சு, செவித்திறன் பிரிவு இருக்கிறது. மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் இருந்து குழந்தைகளை அங்கே அழைத்து வருகிறார்கள். வழி தெரியாவிட்டால் அங்கன்வாடி ஊழியரிடம் கேளுங்கள். ஆஷா ஊழியரிடம் கேளுங்கள். குழந்தைகளின் பிறவிக் குறைகளை முன்னதாகவே கண்டறிய 2013ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பிறவிச் செவிக்குறைவும் அடங்கும்.

குறை இருப்பதாகத் தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். காதுக் கருவி இருக்கிறது. சிலருக்கு உள்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உதவும். சைகை மொழியும் ஒரு முழுமையான மொழிதான். எந்த வழியானாலும், குழந்தைக்கு ஒரு மொழி சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

இன்னொன்று. காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். குச்சி, ஊக்கு போடாதீர்கள். சீழ் வடிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களின் காது

இப்போது பாட்டியிடம் திரும்பி வருவோம். 'அப்போ என் காது இனி அவ்வளவுதானா?' என்று அவர் கேட்பார் அல்லவா?

இல்லை பாட்டி. காது பழகியிருக்கிறது. பூட்டிக்கொள்ளவில்லை.

ஜப்பானிய மொழியில் 'ர', 'ல' என்று இரண்டு தனி ஒலிகள் இல்லை. அதனால் ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க ஜப்பானியப் பெரியவர்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள். அமெரிக்காவில் டேவிட் பிசோனி என்ற அறிஞரின் குழு அவர்களுக்குச் சுமார் மூன்று வாரம் பயிற்சி கொடுத்தது. 1991ஆம் ஆண்டு அதன் முடிவு வெளிவந்தது. ஒலியைக் கேட்டு எந்தச் சொல் என்று சொல்ல வேண்டும். சரியா, தவறா என்று உடனே தெரிவிப்பார்கள். பலர் முன்னேறினார்கள். ஒரே ஆள் பேசுவதைக் கேட்டால் போதாது என்பதும் தெரிந்தது. பல பேர் பேசுவதைக் கேட்டுப் பழகினால்தான், புது ஆள் பேசும்போதும் புரிகிறது.

ஆகவே கன்னடம் நன்றாக வர வேண்டுமானால் பலரிடம் பேசுங்கள். பஸ் கண்டக்டர், பூக்காரம்மா, காய்கறி விற்பவர் என்று எல்லோரிடமும் பேசுங்கள். பேரன் திருத்தினால் கோபப்படாதீர்கள். அவன்தான் உங்கள் ஆசிரியர். கன்னடத்தில் 'பெலெ' என்றால் விலை. 'பெளெ' என்றால் விளைச்சல். 'ல'வும் 'ள'வும் மாறினால் வியாபாரமே மாறிவிடும்! தமிழும் கன்னடமும் அக்கா தங்கை மொழிகள். நம் 'பால்' அங்கே 'ஹாலு'. நம் 'பல்' அங்கே 'ஹல்லு'. நம் 'பத்து' அங்கே 'ஹத்து'. நம் 'ப' பல சொற்களில் அங்கே 'ஹ' ஆகிவிடுகிறது. இப்படி உறவு பிடித்துக்கொண்டால் கற்பது எளிது.

கடைசியாக ஒன்று. இது உங்களைப் பற்றியது.

1979ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு குழுவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். இன்னொரு குழுவில், உங்களைப் போலப் பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள். ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொன்னார்கள். நாமும் செய்வோம். 'மரம்' என்ற சொல்லில் முதலில் உள்ள 'ம்' ஒலியை மட்டும் எடுங்கள். மிச்சம் என்ன? 'அரம்'. படிக்கத் தெரியாதவர்களில் பெரும்பாலோருக்கு இது முடியவில்லை. படிக்கக் கற்றவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள்.

அவர்கள் பேசுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பேச்சைச் சிறு சிறு ஒலியாகப் பிரித்துப் பார்க்கும் பார்வையை எழுத்துதான் தருகிறது. நம் பெங்களூரிலும் சோனாலி நாக் என்ற அறிஞர், கன்னடம் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு எழுதினார். 'ம' என்று ஓர் எழுத்தைக் காண்பது பிள்ளைகளுக்கு எளிது. அதற்குள் 'ம்' இருக்கிறது, 'அ' இருக்கிறது என்று பிரிப்பதற்குப் பல ஆண்டு பழக்கம் வேண்டும் என்று அவர் கண்டார். உங்களுக்கும் அது மெதுவாகத்தான் வரும். 'ல, ள, ழ' தடுமாறினால் வெட்கப்பட வேண்டாம்.

குழந்தை ஒரு வருடம் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் முதல் சொல்லைச் சொல்கிறது. அதை யாரும் மக்கு என்று சொல்வதில்லை. நம்மையும் நாம் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

வீட்டுக்குப் போனதும் கைக்குழந்தையிடம் பேசுங்கள். பாடுங்கள். அது காதால் கேட்கிறதா என்று கவனியுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். பாட்டி, நீங்கள் பேரனிடம் ஏரியும் கோடும் கேட்டுப் பழகுங்கள். அடுத்த வாரம் சொல்லிக் காட்ட வேண்டும்.



கூடிப் பேசுவோம்

1. உங்கள் வீட்டுக் குழந்தை முதலில் சொன்ன சொல் எது? எத்தனை மாதத்தில் சொன்னது?
2. உங்கள் தெருவில் எத்தனை மொழி பேசுகிறார்கள்? பிள்ளைகள் அவற்றை எங்கே கற்றார்கள்?
3. பேச்சு வராத குழந்தை உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருக்கிறதா? காது சோதித்தார்களா?
4. 'மரம்' என்பதில் 'ம்' போனால் 'அரம்'. 'கடை' என்பதில் 'க்' போனால் என்ன? 'பழகு' என்பதில் 'ப்' போனால் என்ன? சொல்லிப் பாருங்கள். பிறகு எழுதிப் பாருங்கள்.